அவர் போட வேண்டிய முடிச்சு

மூன்று வருஷத்துக்கு முன், தை மாதத்தில், திருக்கடையூரில் என் கணவருக்கு அறுபதாம் கல்யாணம்.

அவருக்குப் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி. சாக்கு வாயை அவர் கட்டினால் லாரி எத்தனை ஊர் குலுங்கிப் போனாலும் அவிழாது. அந்தக் கைக்குத்தான் மூட்டு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் வீங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. தொட்டால் சுடும்.

தஞ்சாவூர் டாக்டர் விளக்கினார். "நோய் வராம காக்கிற செல்லுங்க சும்மா இருக்கையில அளவா சாப்பிடும்மா. சண்டைன்னு கிளம்பிட்டா சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். அந்த வேகத்துலதான் வீக்கத்தைக் கிளப்புற சரக்கையெல்லாம் தயார் பண்ணும். இவருக்குக் கிருமி எதுவும் இல்ல. ஆனா அதுங்க மூட்டுகளையே எதிரின்னு நினைச்சு ஓயாம சண்டை போடுது."

விட்டேனா நான்! அன்றே அவர் காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். தீபாவளிக்கு அதிரசத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. "ஏண்டி, சண்டை போடுறது அதுங்க, தண்டனை எனக்கா?" என்றார். அடுத்த முறை டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ரத்தத்துல சர்க்கரை எப்பவும் இருக்கும்மா, அங்கேருந்து எடுத்துக்கும். மருந்துதான் அதுங்களை அடக்கணும். பலன் தெரிய மாசக்கணக்குல ஆகும்."

கல்யாண நாள் அதுவரை காத்திருக்குமா? எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டை அவருடைய தங்கை போடுவாள். அந்த முதல் முடிச்சைத் தானே போட வேண்டுமென்று இவருக்குக் கொள்ளை ஆசை. சாக்கு நூலை வைத்துத் தினமும் பழகினார்.

கெட்டிமேளம் முழங்கியது. என் கழுத்துக்குப் பின்னால் அவர் விரல்கள் தடுமாறின. கயிறு நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. "அண்ணே, நான் போட்டுடவா?" என்று நாத்தனார் மெல்லக் கேட்டாள். "இரும்மா, இரு" என்றார். குரல் உடைந்திருந்தது. கடைசியில் கயிற்றை அவளிடமே கொடுத்துவிட்டார். மூன்று முடிச்சையும் அவளே போட்டாள். எல்லோரும் அட்சதை தூவினார்கள். அவர் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மருந்தில் வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. விரல்கள்தான் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் தாலிக்கயிறு மாற்றும்போது, புதுக் கயிற்றை முதலில் அவர் கையில்தான் கொடுக்கிறேன். பக்கத்திலுள்ள பெண்கள் அவசரப்படுத்துவார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்பேன். இதுவரை கைகூடவில்லை. ஊரே வாழ்த்திய அந்தக் கல்யாணம் எனக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. அவர் போடும் அந்த ஒரு முடிச்சுக்காகத் தலை குனிந்து காத்திருக்கிறேன்.