ஜுனா பஜார் அச்சு

ஆயுத பூஜை அன்று காலையில் என் மகன் தன் லேப்டாப்பைத் துடைத்து டீப்பாய் மேல் வைத்துவிட்டு, "அப்பா, சந்தனம் கிதர் ரக்கா?" என்று கேட்டான். எங்கே வைத்தீர்கள் என்கிறான். அவன் மகர்பட்டா ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறான். அவன் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் பஸ் மாறிவிடும். நான் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்தேன். புனே ஹடப்சரில் எங்கள் ஃபிளாட் சின்னது. வாசனை வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே நின்றது.

சந்தனம் என்றால் உங்களுக்குக் கோயிலோ கல்யாண வீடோ ஞாபகம் வரும். எனக்கு வெந்த சதை ஞாபகம் வருகிறது. நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு திருநெல்வேலியிலிருந்து புனேக்கு வந்தவன் நான். இங்கே அக்கா வீடு இருந்தது. அக்கா புருஷன் சுயம்பு அத்தான் கேம்ப் பகுதியில் ஒரு லைசென்ஸ் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தார். கடையின் பின்னறையில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது அவர் வேலை. வயலில் இறங்கும் பன்றியைச் சுட லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் தங்கள் பழங்காலத் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகளைத்தான் வாங்கிப் போவார்கள். என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். முன்பக்கம் நின்று வாடிக்கையாளரிடம் இந்தி பேச வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அந்நிய ஆள் பேர் கேட்டாலே எனக்கு வியர்க்கும். உருகிய ஈயம் பேர் கேட்பதில்லை.

அத்தானுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும். ஆட்டோக்காரர், பால்காரர், சினிமா டிக்கெட் வரிசையில் முன்னால் நின்றவர் என்று அவர் கைபட்டவர்கள் பலர். வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அக்கா வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிறவள் இல்லை. ஒருநாள் அவர் கன்னத்தில் அறைந்ததற்குப் பதிலாகக் கொதிக்கிற ரசச்சட்டியை அவர் காலில் கவிழ்த்தாள். அவர் நொண்டிக்கொண்டே போய் அவளுக்குப் பூ வாங்கி வந்தார். எனக்கு அந்தக் குடித்தனம் கடைசிவரை விளங்கவில்லை.

ஒருநாள் கடையிலிருந்த குண்டு அச்சின் கீல் முறிந்துவிட்டது. அச்சு என்றால் பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு இரும்புக் கட்டிகள். கட்டிகளுக்குள் குண்டின் வடிவத்தில் குழி. மூடிப் பிடித்து, மேல் துளை வழியாக ஈயத்தை ஊற்றித் திறந்தால் குண்டு விழும். வேறு அச்சு வேண்டும். கடை முதலாளி சேட் எங்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். "நயா யா புரானா, தும் தேக்கோ. முஜே கோலி சாஹியே." புதுசோ பழசோ, அவருக்குக் குண்டு வந்தால் போதும்.

நான் புதுசு என்றேன். ஹடப்சர் லேத் பட்டறையில் கண்ணாடி போல வழவழப்பாகக் கடைந்து தருவார்கள். அத்தான் பழசு என்றார்.

"புதுசு புது மாப்பிள்ளை மாதிரில. மினுக்கும், வேலைக்கு ஆவாது. தீ தின்ன இரும்புதான் வேலை செய்யும்."

ஞாயிற்றுக்கிழமை ஜுனா பஜாருக்குப் போனோம். ஓட்டை ஃபேன்கள், பட்டாளத்து பூட்ஸ்கள், கைப்பிடி இல்லாத குக்கர்கள் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும் சந்தை அது. ஒரு சாக்கின் மேல் அந்த அச்சு கிடந்தது. அத்தான் ஒரு கைப்பிடியைப் பிடித்த அதே நேரம் இன்னொருவர் மறு கைப்பிடியைப் பிடித்தார். "மீ ஆதி பகித்லா" என்று மராத்தியில் கத்தினார், நான்தான் முதலில் பார்த்தேன் என்று. அத்தானுக்கு மராத்தி நன்றாக வரும். ஆனாலும் நெற்றியால்தான் பதில் சொன்னார். அந்த ஆளின் மூக்கு உடைந்தது. அவரோடு வந்தவர்கள் அத்தானைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான் ஒரு பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "போதும்ணே, போதும்ணே" என்று தமிழில் கெஞ்சினேன். அங்கே யாருக்குப் புரியும்? உதடு கிழிந்து, சட்டை கிழிந்து எழுந்தார் அத்தான். அச்சு மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

கடைக்கு வந்து அதை விரித்துப் பார்த்தேன். குழிகளுக்குள் துரு அரித்த பொட்டுப் பொட்டான பள்ளங்கள். "அத்தான், இதுல ஈரம் தங்கும். ஈரத்துல ஈயம் பட்டா வெடிக்கும்" என்றேன். அதற்கு ஒரு அறை விழுந்தது. காது அன்று முழுக்க ரீங்கரித்தது.

ஆனால் அச்சு நன்றாகவே வேலை செய்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். குண்டுகள் இலந்தைப் பழம் உதிர்வது போல விழுந்தன. "என்ன மாப்ள, உன் கண்ணாடி அச்சு எங்க?" என்று அத்தான் தினமும் கேட்டார். அவர் வார்த்த குண்டால் விழுந்த பன்றி என்று ஒரு விவசாயி டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். விலா பிளந்து, ஈக்கள் மொய்த்துக் கிடந்தது. அத்தான் அதைப் பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்தார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு கடைக்கு வந்தாள். கரண்டி, அடுப்பு, சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். புருஷன் அடிவாங்கிக் கொண்டுவந்த அச்சு என்று அதற்கு மட்டும் தனி மரியாதை. அதற்கு என்னென்ன செய்தாள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. போகும்போது, "நாளைக்கு ராகு காலத்துக்கு முன்னால மொத குண்டை ஊத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. அடுப்பு பற்றத் தாமதமாகிவிட்டது. வழக்கமாக அச்சைத் தீயில் காட்டிச் சூடேற்றிய பிறகுதான் ஊற்றுவார். அன்று, "நல்ல நேரம் முடியப்போவுதுல" என்று அச்சு குளிர்ந்திருக்கும்போதே கரண்டியைச் சாய்த்தார்.

பட்டாசு போல ஒரு சத்தம். அச்சுக்குள் போன ஈயம் அப்படியே திரும்பி அவர் முகத்துக்கு வந்தது. வலது கண், கன்னம், கழுத்து எல்லாவற்றிலும் வெள்ளிப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டு புகைந்தது. அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அறை முழுக்கச் சந்தன வாசனை. கீழே கிடந்த அச்சு வாய் பிளந்திருந்தது. குழிக்குள் சந்தனம் கருகி ஒட்டியிருந்தது. வெளியே பொட்டு வைத்தது போதாதென்று அக்கா அச்சைத் திறந்து உள்ளேயும் வைத்து மூடியிருக்கிறாள். மூடி இருந்ததால் காயவே இல்லை.

சேட் ஓடி வருவதற்குள் நகத்தால் அதைச் சுரண்டினேன். ஆட்டோவில் போகும்போது அத்தான் என் சட்டைக் காலரை முறுக்கிக் கழுத்தை இறுக்கினார். ஒரு கண்தான் என்னைப் பார்த்தது.

"வாசம் வந்துச்சுல. எனக்குத் தெரியும். உங்கக்காகிட்ட சொன்னியோ, கொன்னுபோடுவேன்."

ஆஸ்பத்திரிக்கு அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். எல்லோர் முன்னாலும் அத்தான் சொன்னார்: "துருப் பிடிச்ச சனியன்ட்டி. உன் தம்பி சொன்னதுதான் சரி. புதுசையே வாங்கியிருக்கணும்." வாழ்க்கையில் யாரிடமும் தோற்றதாகச் சொல்லாத மனுஷன். கண் போனது போனதுதான். வேலையும் போயிற்று. நான் அந்த அச்சைப் பாலத்திலிருந்து முட்டா ஆற்றில் எறிந்தேன். அதன் பிறகு வந்த புது அச்சில் நான் தனியாக வார்த்தேன். முதல் குண்டுகள் எல்லாம் சுருங்கிச் சுருங்கி விழுந்தன. கேலி செய்யத்தான் ஆள் இல்லை.

அக்காவுக்குத் தெரியாது என்றே நானும் அத்தானும் இருந்தோம். அந்த நினைப்போடுதான் அவர் செத்தும் போனார். ஆனால் பின்னாட்களில் என் வீட்டுக்குப் பூஜைக்கு வரும்போதெல்லாம் அக்கா ஒரு காரியம் செய்வாள். மிக்ஸியோ ஸ்கூட்டரோ, எதுவானாலும் வெளியேதான் பொட்டு. வைத்ததும் குனிந்து, அது காய்ந்து வெளுக்கும்வரை வாயால் ஊதிக்கொண்டே இருப்பாள். கன்னம் வலித்தாலும் விடமாட்டாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டதில்லை. அவளும் என்னைப் பார்ப்பாள். சொன்னதில்லை.

போன மாசியில் அவளும் போய்விட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. துப்பாக்கிக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பின்னறைச் சுவரை இடித்துவிட்டார்கள்.

மகன் லேப்டாப் மூடியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, "அத்தை ஃபூக் மாருவாங்கல்ல, ஏன்?" என்று கேட்டான். அக்கா வாயால் ஊதுவதைத்தான் சொல்கிறான்.

"ஈரம் ஆகாதுப்பா" என்றேன்.

"காய்ஞ்சிடும்ப்பா, சோடோ, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்தான். பொட்டு அப்படியே ஈரமாக இருந்தது.