சங்கு இல்லாத படம்

தீவுப்பகுதியில் படம் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை நானே சொல்வது அழகில்லை என்று என் கணவர் சொல்வார். வேறு யாரும் சொல்லாதபோது நான்தானே சொல்ல வேண்டும்.

வேலணையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. ஒரு கணினி, ஒரு பெரிய பிரிண்டர், ஒரு கமரா, வருகிறவர்களுக்கு இரண்டு கதிரை. கலியாண அல்பம், பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுப் பதாகை, ஆள் போனால் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர் எல்லாம் செய்கிறேன். ஆனாலும் என் பெயர் பரவியது குடும்பப் படத்தால்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்றால் நான்கு பேர் நான்கு நாட்டில் இருப்பார்கள். ஒருவருக்கு லீவு கிடைக்கும்போது மற்றவருக்குக் கிடைக்காது. எல்லோரும் ஒரே படத்தில் நிற்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும்.

ஒவ்வொருவரும் அனுப்பும் படத்தைத் தனித்தனிப் பைலாகத் திறந்து வைப்பேன். ஆளை மட்டும் வெட்டி, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு லேயராக எடுத்து, மவுஸால் பிடித்து, மற்றப் பைலின் தலைப்புக்கு இழுத்துப் போவேன். அங்கே கையை விட்டுவிடக் கூடாது. விட்டால் ஆள் வந்த வழியே திரும்பிவிடுவார். அந்தப் பைல் திறக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்று, படத்துக்குள் இறக்கிய பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படமென்றால், கனடாவில் ஆறடி உயரமாக நிற்கிறவர் என் திரையில் சுண்டுவிரல் அளவில் வந்து விழுவார். லண்டன்காரருக்கு வெளிச்சம் இடமிருந்தும் சுவிஸ்காரருக்கு வலமிருந்தும் அடிக்கும். எல்லோரையும் ஒரே வெயிலில் நிறுத்தி, காலடியில் நிழல் விழுத்தி, கதிரையில் இருக்கிற தாயின் தோளில் மகளின் கையை வைப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். அதன்பிறகு எந்த லேயர் மேலே, எந்த லேயர் கீழே என்ற சண்டை தொடங்கும். அத்தானின் தோள் மறைகிறது என்று பாரிசிலிருந்து ஒரு அக்கா அரை மணித்தியாலம் என்னோடு கோபித்திருக்கிறார்.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. சுவருக்கு ஒட்டித் தருவேன், விசாப் பைலுக்கு ஒட்டித் தரமாட்டேன். ஒட்டிய படம் எதுவானாலும் வலப்பக்கக் கீழ்மூலையில் சின்னதாக ஒரு சங்கு வைப்பேன். எல்லா லேயருக்கும் மேலே கடைசியாக வைக்கிற லேயர் அது. சங்கு இருந்தால் சேர்த்த படம், இல்லாவிட்டால் எடுத்த படம். ஊர்காவற்றுறையிலிருந்து நயினாதீவு வரைக்கும் இது எல்லோருக்கும் தெரியும். சங்கை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. நான் மசிந்ததில்லை.

ஒரேயொரு தடவைதான் சறுக்கினேன்.

புங்குடுதீவில் ஒரு அக்கா இருக்கிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து பேரில் மூத்தவர். தாய் இளவயதிலேயே செத்துப்போனதால் மற்ற நால்வரையும் அவர்தான் வளர்த்தார். கடைசித் தம்பிக்கு அப்போது நான்கு வயது. நால்வரும் வெளிநாடு போய்விட்டார்கள், இவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மூன்று பேர் ஆளுக்கொரு தடவையாவது வந்து போனார்கள். கடைசித் தம்பி மீசை முளைக்கும் முன்னரே நோர்வேக்குப் போனவர், பிறகு வரவேயில்லை. முதலில் பேப்பர் சரிவரவில்லை என்றார்கள், பிறகு வேலை என்றார்கள். பக்கத்து வளவில் அக்காவின் மச்சாள் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அக்காவிடம் கேட்பதற்கு எப்போதும் ஒரே கேள்விதான்.

“என்ன, கடைசி இந்த வருசமும் வரேல்லையோ?”

“வருவான்” என்பார் அக்கா. வருடக்கணக்காக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு வருடங்களுக்கு முன்னர் இந்த ஐந்து பேரையும் நான்தான் ஒரு படத்தில் சேர்த்துக் கொடுத்தேன். நோர்வேத் தம்பி அனுப்பியது, சேர்ட் கொலர் இறுகி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்த படம். சங்கு வைத்துத்தான் கொடுத்தேன். அக்கா அதை விறாந்தைச் சுவரில் மாட்டினார். வருகிறவர்கள் முதலில் தம்பியைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து சங்கைப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். அக்காவே ஒருநாள் சிரித்துக்கொண்டு எனக்கு இதைச் சொன்னார். அது எவ்வளவு குத்தியிருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன ஆனியில் அவர்கள் வந்தார்கள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு ஐந்து பேரும் ஒன்றாகப் போவதென்று ஏற்பாடு. கனடாத் தங்கச்சிக்கு அன்று பின்னேரமே திரும்ப வேண்டும். நோர்வேத் தம்பி முதல்நாள் இரவுதான் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கி, வான் பிடித்து, நயினாதீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நேரே வந்தார். மற்றவர்கள் அங்கே காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்கு நிற்க வேண்டுமென்று, கோயிலால் வந்ததும் அப்படியே கொழும்புக்குத் திரும்பிவிட்டார். அக்காவின் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஐந்து பேரும் ஒன்றாக நின்றது இரண்டு மூன்று மணித்தியாலம்தான். ஊரில் ஒருவரும் தம்பியைக் காணவில்லை.

அதனால்தான் அக்கா என்னை இறங்குதுறைக்கு வரச்சொல்லியிருந்தார். மூன்று படம் எடுப்பதற்குள் படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார். முதலாவதில் தம்பி திரும்பி நின்றார். இரண்டாவதில் முகத்தைக் கையால் மறைத்திருந்தார். மூன்றாவதில் எல்லோரும் ஒழுங்காக நிற்க, அவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். கடற்காற்றும் நல்ல வெயிலும். கண் கூசியிருக்கும் என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து படத்தைத் திறந்தேன். அக்கா இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த படம், இதில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு நிற்பதா? பழைய பைல் என்னிடம் இருந்தது. அதையும் திறந்தேன். எட்டு வருடத்துக்கு முந்திய அந்தச் சிரித்த முகத்தை வெட்டி, இழுத்து, புதிய படத்தில் இறக்கினேன். அளவு சொல்லிவைத்ததுபோலப் பொருந்தியது. கிருதாவில் நரை சேர்த்தேன், வெயில் பூசினேன், கன்னத்தில் வியர்வை மினுங்கியதை இன்னொரு லேயரால் மூடினேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. எழும்பி நின்று பார்த்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே மயக்கம் வந்தது.

சங்கு வைக்கவில்லை. ஆள் அங்கே நின்றவர்தானே, முகத்தை மட்டும்தானே மாற்றினேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். பெரிதாக அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.

நான்காம் நாள் அக்கா கடைக்கு வந்தார். படத்தைத் தலையணை உறைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“மச்சாள் வந்து பாத்தவ, பிள்ளை. பழைய படத்தையும் பாத்தா, புதுப் படத்தையும் பாத்தா. பாத்துப்போட்டுச் சொல்லுறா, ஒட்டினதுதான் ஒட்டினியள், புது முகமாய் ஒட்டியிருக்கலாமே எண்டு.”

ஒரே சிரிப்பு, ஒரே பல்வரிசை, இரண்டு படத்திலும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் தெரியும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

“நீர் இதிலை கை வைச்சனீரோ?”

“ஓம் அக்கா. கண் மூடியிருந்தவர். அதுதான்...”

“சங்கு இல்லையெண்டு மச்சாளுக்குக் காட்டினனான். சங்கு இல்லையெண்டால் ஒட்டேல்லையெண்டு நான் சத்தியம் பண்ணாத குறை. உம்மை நம்பித்தானே சொன்னனான்?”

என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. பைலைத் திறந்தேன். நல்ல காலம், அசலை நான் எப்போதும் அழிப்பதில்லை. அது அடியில் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் போட்டிருக்கும். அதைத் தட்டினால் லேயர் மறைந்துவிடும். முதலில் சிரித்த முகத்தை மறைத்தேன். மூடிய கண் தெரிந்தது. பிறகு கன்னத்தை மூடிய லேயரையும் எடுத்தேன்.

அக்கா அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

“இது வேர்வையில்லை” என்றார். “அவன் அண்டைக்கு அழுதவன், பிள்ளை. வானாலை இறங்கினதிலையிருந்து அழுதுகொண்டே நிண்டவன். நீர் அதைத் துடைச்சுப்போட்டீர்.”

திரையைப் பெரிதாக்கினேன். கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஈரக்கோடு. கீழே, மற்றவர்களின் கைகளுக்குப் பின்னால், அக்கா தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், நான்கு வயதுப் பிள்ளையை றோட்டுக் கடத்துகிற மாதிரி. அந்தப் படத்தோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிய எனக்கு அந்தக் கை கண்ணில் படவேயில்லை. அழுதுவிட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படியே, ஒரு புள்ளியும் தொடாமல், மீண்டும் அடித்தேன். நானே புங்குடுதீவுக்குக் கொண்டுபோய், பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு மச்சாள் வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துசேர்ந்தார். அக்கா புதுப் படத்தில் வெறுமையாக இருந்த கீழ்மூலையில் விரலை வைத்தார்.

“சங்கு இருக்கோ, பாருங்கோ.”

“முந்தியும் இப்பிடித்தான் காட்டினனீங்கள்” என்றார் மச்சாள்.

எனக்கு அது வேண்டியதுதான். “முந்தினதிலை முகம் நான் மாத்தினது. அதுக்குச் சங்கு வைக்காதது என்ரை பிழை. இதிலை நான் கை வைக்கேல்லை” என்றேன். என் தொழிலில் பிழை என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். பழைய படத்தைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். தம்பியின் முகத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“அழுகிறானெல்லோ” என்றார்.

“ஓம்.”

மச்சாள் என் பக்கம் திரும்பினார். “நீர் ஒட்டியிருந்தால் சிரிக்கவெல்லோ வைச்சிருப்பீர்.” பிறகு குரல் தணிந்து அக்காவைப் பார்த்தார். “அப்ப, வந்தவன்தான்.”

“ஓம், வந்தவன்” என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் அந்த வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ படத்துக்குச் சங்கு வைத்திருக்கிறேன். என் வேலையில் இன்றைக்கும் நான் பெருமைப்படுவது, ஒன்றுமே வைக்காத அந்த மூலையை நினைத்துத்தான்.