வள்ளம் ஏறாதவரின் கடல் புத்தகம்

எங்கள் கடலறிவைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கும் பேராசிரியரே, நீங்கள் ஒருநாளும் வள்ளம் ஏறியதில்லை. கோயில் கோபுரத்தை முதுகுக்கு நேராக வைத்து ஓடினால் நல்ல மீன் படும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் மண்ணெண்ணெய் மணத்தோடு பருத்தித்துறைக் கரையில் நின்ற, என்னைப் பெற்ற ஐயாவின் குரல் கேட்டது. மீன் பட்ட இடத்தை வெளியாள் கேட்டால் எங்கள் ஆட்கள் பொய்தான் சொல்வார்கள்.

“கோபுரத்தை முதுகுக்கு நேரை வைச்சு ஓடு, தம்பி.”

ஐயாவிடம் இடம் கேட்டவன் போனதும் அம்மா சிரித்தாள். “அங்கை முழுக்கக் கல்லெல்லே!”

“ஓம், வலை கிழிஞ்சால் இனிக் கேளான்.”

உங்களுக்கும் யாரோ அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதாம். நம்பிப் போகிற பிள்ளைகளின் வள்ளம் கல்லில் உடையும். யாருடைய வள்ளத்தில் போய்ப் பார்த்து எழுதினீர்கள்? வெளியீட்டு மேடையில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.