நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

திங்கட்கிழமை காலை எங்கள் கணினி அறையிலிருந்து முனியாண்டி அழைத்தார். "அண்ணே, பிலோமினா அக்கா போயிட்டாங்க." நோயோடு இருந்தது தெரியும். இருந்தாலும், "யாரு சொன்னது?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

நம் சரக்கு நிறுவனத்தில் பிலோமினாவோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த மென்பொருள் மாற்றங்களை இனி வாரந்தோறும் செய்வது என்று மேலிடம் முடிவெடுத்தது. நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். அதை ஓடவைக்கிற எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அறையையே வெளியாட்களிடம் கொடுத்துவிடப் பேச்சு நடந்தது. பட்டம் இல்லாமல், தானாகக் கற்று, அந்த அறையைக் கட்டி நடத்தியவன் நான். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டியதும் இல்லை.

மாற்றத்தை நடத்த நியமிக்கப்பட்டவர் பிலோமினா. முதல் நாளே தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்தார்.

"இந்த வாராவார மாத்தத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"கையெழுத்து யாரு கேட்டா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க லா, அண்ணே."

மூன்று வாரம் அங்கேயே இருந்தார். எதன் பின் எதைச் செய்ய வேண்டும் என்று நான் எழுதிவைத்திருந்த நோட்டை வரிவரியாகப் படித்தார். பிறகு ஒருநாள், அந்த நோட்டை மட்டும் வைத்து, நான் இல்லாமல் ஒரு மாற்றத்துக்கு ஒத்திகை வைத்தார். "அண்ணே, நீங்க கீழ டீக்கடைக்குப் போய் தே தாரிக் குடிச்சிட்டு வாங்க. ஃபோன் இங்கயே இருக்கட்டும்."

நான் போகவில்லை, கதவுக்கு வெளியே நின்றேன். நோட்டின் பதினான்காவது வேலையில் என் ஆட்கள் ஐந்து பேரும் திகைத்து நின்றார்கள். அதற்கு முன்பு கிடங்கின் பழைய அச்சு நிரலை நிறுத்தியிருக்க வேண்டும். இத்தனை வருடம் என் கை தானாகச் செய்த வேலை அது. நோட்டில் இல்லை.

"ஏம்மா, எல்லார் முன்னாலயும் என்னைக் கேவலப்படுத்திட்டியே!"

"நீங்க கடைசியா லீவு எடுத்தது எப்பண்ணே?"

மகளின் நிச்சயதார்த்தத்துக்கே பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தவன் நான். அவர் பச்சைப் பேனாவால் அந்த விட்டுப்போன வரியை என் நோட்டில் எழுதினார். மறுநாள் ஒத்திகை தடங்கலின்றி முடிந்தது.

அதன் பிறகு மேலிடக் கூட்டத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "இவங்க இல்லாம வாராவாரம் மாத்துனா, வாராவாரம் சிஸ்டம் விழும். ஒவ்வொரு வேலையிலயும் முதல் நாள்லருந்தே இவங்க கூட இருக்கணும். இல்லன்னா நான் ஆரம்பிக்க மாட்டேன்." வெளியாட்கள் பேச்சு அன்றோடு நின்றது.

வார இறுதி பாழாகாமலிருக்க வெள்ளிக்கிழமை எதையும் மாற்றக் கூடாது என்ற என் சட்டத்தோடு மட்டும் கடைசிவரை மல்லுக்கு நின்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. புதன்கிழமை என்று முடிவாயிற்று.

முதல் புதன்கிழமை எனக்குக் கட்டாய லீவு கொடுத்தார். புக்கிட் மெர்தாஜாமில், மகள் வீட்டில், ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்குச் செய்தி வந்தது: "முடிஞ்சிருச்சு. யாரும் உங்களத் தேடல. சந்தோஷமா, கோவமா?"

"ரெண்டும்" என்று பதில் அனுப்பினேன்.

அவருடைய அடக்கமும் புதன்கிழமைதான் வந்தது. அன்றைய மாற்றத்தைத் தள்ளிவைக்கலாமா என்று மேலிடம் இந்த முறை என்னைக் கேட்டது. வேண்டாம் என்றேன். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆயிற்று, தாண்டியது. சட்டைப் பையில் ஃபோன் அசையவில்லை; யாரும் என்னைத் தேடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த அமைதியும், என் நோட்டில் பச்சை மையில் ஒரு வரியும்.