பொருந்தாததை அடிக்கவும்

என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருடமாக ஒரு கல்லூரியின் முன்வாசலில் செக்யூரிட்டி வேலை. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார். பக்கெட்டும் தலையணையுமாக வந்து இறங்குவார்களாம். பிள்ளை உள்ளே போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். அவர்களை நைசாகப் பேசிக் கிளப்பிவிடுவதில் மனுஷர் கில்லாடி. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் எங்கள் மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைக்கும் வரைதான்.

முதல் நாள் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே குழப்பம் பிடித்துக்கொண்டது. மகள் வாசலில் வந்தால் அடையாள அட்டையைக் கேட்பதா, விடுவதா? சிரிக்கலாமா, கூடாதா? பின்வாசலுக்கு மாற்றிக் கேட்டால் என்ன? எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார். ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள் நான். கல்லூரியைப் பற்றி என்னத்தைக் கண்டேன்? அவளிடமே கேளுங்கள் என்றேன். அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. கேட்டில் நிற்கிறவன் அப்பா என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தலைகுனிவு என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் கல்லூரிச் சேர்க்கைப் படிவம் வந்தது. ‘தந்தை / பாதுகாவலர்: பொருந்தாததை அடிக்கவும்’ என்று அதில் ஒரு வரி. அவருடைய கம்பெனி கொடுத்த அட்டையில், போட்டோவுக்குக் கீழே ‘பாதுகாவலர்’ என்றுதான் இருக்கிறது. வளாகத்துக்குள் நீ அப்பாவா, செக்யூரிட்டியா என்று கல்லூரியே கேட்பதாக நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு ஸ்கேல் வைத்து ‘தந்தை’யை நேராக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் துணியைத் தேய்த்தபடி, “போட்டாச்சா?” என்று கேட்டதோடு சரி.

கல்லூரி திறந்த அன்று பெற்றோரை அரங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வாசலில் டூட்டி. நானும் மகளும் உள்ளே போனோம். படிவத்தை வாங்கிப் பார்த்த அலுவலக அம்மாவின் குரல் சட்டென்று தணிந்தது.

“அப்பா எப்பம்மா தவறினாங்க?”

“காலையில நல்லாத்தானே இருந்தார்?” என்று எழுந்தே விட்டேன்.

மகள் படிவத்தைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே அவர் ஒரு காரை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் யூனிஃபார்ம் தொப்பியைச் சரிசெய்து, விறைப்பாக நின்று, யாரோ எவரோ மாதிரி, “என்னம்மா வேணும்?” என்றார்.

அவள் படிவத்தை நீட்டினாள். அப்பா இல்லாத பிள்ளைக்குப் பொறுப்பாக இருப்பவரைத்தான் ‘பாதுகாவலர்’ என்ற சொல் இங்கே குறிக்கும் என்றாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

“உள்ள நான் செக்யூரிட்டிதானேம்மா. உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு...”

“கூச்சமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது. “அதுக்காக நீங்க செத்துப்போகணுமாப்பா?”

வாசலைப் பத்து நிமிடம் நான் பார்த்துக்கொள்கிறேன், போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று அவரை முதுகில் தள்ளிவிட்டேன்.

நாலடி போனவர் நின்றார். தலையில் கை வைத்தபடி மகளைக் கேட்டார்.

“தொப்பிய கழட்டிடவா?”

அவள் அரங்கத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“தெரியலப்பா. வாங்க.”