மட்டம் சரியா இருக்கு என்று ஒக்பூன் சொன்ன காலை

ஒக்பூன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசைப்பட்டுக் கற்றதல்ல. கணவர் கில்டூவுக்குச் சர்க்கரை முற்றிக் கண் போயிற்று. பின்னாலேயே சிறுநீரகமும் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மலையிலிருந்து இறங்கி, நகரத்து மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். முப்பது வருஷம் முட்டைக்கோஸ் லாரி ஓட்டிய மனுஷர், இப்போது பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு வருவார்.

வண்டியைக் கவனிப்பதில் மட்டும் அவர் பிடியை விடவில்லை. திங்கட்கிழமை தோறும் வாசலில் பானட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார்.

"பிரேக் ஆயில் டப்பா மூடியச் சுத்தித் தொடச்சியா? தூசி உள்ள விழப்படாது."

"தொடச்சாச்சு."

"மட்டம்?"

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல."

"மெதுவா எறங்கினா பிரேக் கட்டை தேயுதுன்னு அர்த்தம். திடீர்னு எறங்கினா எங்கயோ ஒழுகுது. அப்ப ஊத்தி ஏமாத்தாத. வண்டிய எடுக்காத."

அந்த அக்டோபர் மாதத் திங்களன்று மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தது. ஒக்பூன் சத்தம் காட்டாமல் புது பாட்டிலை உடைத்து ஊற்றி மேல்கோடு வரை கொண்டுவந்தாள். புதன்கிழமை காலை, கிளம்பும் முன் மனது கேட்காமல் மறுபடி திறந்து பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. இரண்டே நாளில்.

பக்கத்து வீட்டு லாரி சந்தைக்குப் போயிருந்தது. மலைக்கு வரும் ஒரே பஸ் சாயங்காலம்தான். ஜனவரியில் பனி மூடி இரண்டு நாள் இறங்க முடியாமல் போனபோது கில்டூவின் முகம் ஊதி, ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொரகொரத்தது. அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. மலையடிவாரத்தில் சொன்ஷிக்கின் பட்டறை இருக்கிறது, அதுவரை போய்விட்டால் போதும் என்று எண்ணிக்கொண்டாள். மிச்சத்தை ஊற்றினாள்.

"மட்டம் எப்படி?" வாசற்படியிலிருந்து கில்டூ கேட்டார்.

"சரியா இருக்கு."

முதல் இரண்டு வளைவுகளில் பிரேக் பிடித்தது. மூன்றாவதில் பெடல் மெத்தென்று இறங்கியது. நான்காவதில் பாதிக்கு மேல் அமுங்கியும் வண்டி சற்றே தயங்கியதோடு சரி. எதிரே மீட்டர் பலகையில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி மிதித்தாள்.

"ரெண்டு தரம் மிதிச்சியே, ஏன்?" என்றார் கில்டூ.

"ஒண்ணுமில்ல."

"ஒக்பூன்." அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம்.

"பெடல் எறங்குதுங்க."

அவர் குரல் ஏறவில்லை. "கியரக் கொற. ரெண்டாவதுக்குப் போ. எஞ்சின் கத்துனா கத்தட்டும். முன்னாடி என்ன வருது?"

"வளைவு. இடது பக்கம் பள்ளம்."

"நீ ஸ்டியரிங்க விடாத. ஹேண்ட் பிரேக்க நான் பாத்துக்கறேன். வாய மூடாம சொல்லிக்கிட்டே வா."

அவர் கை தடவித் தடவிக் கம்பியைப் பிடித்தது. "இப்ப," என்றாள். பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பின் சக்கரங்கள் முனகின. "இன்னும். இன்னும். விடுங்க, திரும்புது." பள்ளத்தின் ஓரத்து இரும்புத் தடுப்பு கண்ணாடிக்கு ஒரு முழத்தில் ஓடிற்று. வளைவு தாண்டி, முட்டைக்கோஸ் கூடை ஏற்றுவதற்காக விட்டிருந்த சரளை மேட்டைக் கண்டாள். "வலது பக்கம் ஏத்தறேன். இழுங்க." சரளை நொறுநொறுவென்று அரைபட, வண்டி நின்றது.

அவளுக்கு ஸ்டியரிங்கை விட்டு விரலைப் பிரிக்க முடியவில்லை.

"மட்டம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கோட்டுக்குக் கீழ. திங்கக்கிழமையும் கொறஞ்சுதான் இருந்துச்சு."

"கண்ணு தெரியாதவன்கிட்ட சரியா இருக்குன்னு சொல்லியிருக்கியே," என்றார்.

"ஜனவரி ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? சொல்லியிருந்தா சேந்து பயந்திருக்கலாம். சரி, சொன்ஷிக்குக்குப் போனப் போடு."

சொன்ஷிக் இழுவை வண்டியோடு மேலே வந்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, வெடித்துக் கசிந்த ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினான். "அண்ணி, வண்டிக்கு ஊத்துன ஆயில் பூரா ரோட்டுக்குப் போயிருக்கு. அண்ணன் சொன்னதக் கேக்கலியா?"

"அவ ஓட்டினதாலதான் நீ என்ன உசிரோட பாக்கறே," என்றார் கில்டூ. "முதல்ல ஆஸ்பத்திரில எறக்கி விடு."

ஒன்றரை மணி நேரம் தாமதம். நர்ஸ் முணுமுணுத்துவிட்டுப் படுக்கை கொடுத்தாள். நாலு மணி நேரமும் ஒக்பூன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கைப் பிரிக்கவே இல்லை.

சாயங்கால பஸ்ஸில் ஏறினார்கள். அந்த வளைவு வந்தபோது அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. கில்டூ அவள் முழங்காலைத் தட்டி, "ஓட்டறதுக்கு ஆள் இருக்கான், விடு," என்றார்.

வளைவு போன பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.