அண்ணிக்கு இறங்கத் தெரியாது

என் அண்ணிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறவும் இறங்கவும்தான் தெரியாது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அது அண்ணன் ஓட்டிய சைக்கிள், நடுவில் கம்பி வைத்த பெரிய வண்டி. அண்ணன் போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல், விழுந்து எழுந்து அவராகவே கற்றுக்கொண்டார். சீட்டைக் கடைசி வரை இறக்கியும் கால் தரைக்கு எட்டவில்லை. அதனால் வீட்டு வாசலில் நடைபாதை விளிம்பில் நின்று ஏறுவார். ஆஸ்பத்திரி வந்ததும் பின்பக்கச் சுவரை ஒட்டி ஓட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறங்குவார். நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது.

வேலை அந்த ஆஸ்பத்திரியின் லாண்டரியில். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து ஒரு பக்கத் தோளே இறங்கிப்போயிருந்தது. முதல் பஸ் கிளம்பும் முன்பே ஷிஃப்ட் தொடங்கிவிடும். நான் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். என்னை ஏற்றிப்போக வேன் வரும். அவருக்கு சைக்கிளை விட்டால் கதி இல்லை. இன்னொரு முறை தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மேற்பார்வையாளர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டம் வந்தது. சைக்கிளைப் பதிவு செய்து நம்பர் பிளேட் மாட்ட வேண்டும், ஓட்டுகிறவர் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் ஒருவராவது சைக்கிளில் வேலைக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிளேட் சுலபமாகக் கிடைத்தது. தகரத்தை மாட்டியதும் அந்த ஓட்டை வண்டி பெரிய மனுஷனாகிவிட்டது. லைசென்ஸ்தான் பாடாய்ப் படுத்தியது.

டெஸ்ட் வைத்த மைதானத்தில் இரண்டு வெள்ளைக்கோடுகள். ஒன்றில் ஏறிக் கிளம்ப வேண்டும், கையைக் காட்டித் திரும்பி வந்து மற்றதில் கால் ஊன்றி நிற்க வேண்டும். ஏற மேடு இல்லை, இறங்கச் சுவர் இல்லை. முதல் முறை கிளம்பும்போதே விழுந்தார். அடுத்த முறை நிற்கும்போது விழுந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் ஒரு வருடத்துக்கு எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்கள். அந்த மூன்றாவது முறைக்கு நான் லீவு போட்டு மைதானத்துக்கு வந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.

வரிசையில் நின்றே எனக்குப் பொறுமை போய்விட்டது. அதிகாரி பக்கத்தில் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார், லாரிக்காரன் இடிச்சுட்டுப் போனா கண்டுபிடிக்க ஆள் இல்ல. நீங்க சைக்கிள்காரங்களைப் பிடிச்சு வச்சு உயிரை எடுக்கிறீங்களே!"

அவரும் காலையிலிருந்து வெயிலில் நின்று துவண்டு போயிருந்தார். கோபப்படவில்லை. "எங்க அம்மாவ இடிச்சது சைக்கிள்தாம்மா. இடுப்பெலும்பு போச்சு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. இடிச்சவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வண்டியில நம்பர் இருந்தாத்தானே தெரியும்?"

நான் வரிசையில் என் இடத்துக்கே நகர்ந்துகொண்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

அண்ணியின் முறை வந்தது. அவருடைய முழங்கைக் காயங்களைப் பார்த்து அதிகாரிக்கே மனம் இளகியிருக்க வேண்டும். "கோட்டுல வேண்டாம், அந்த ஓரத்து ஆபீஸ் படிக்கட்டுல நின்னு ஏறிக்கோங்கம்மா" என்றார். அண்ணி ஏறினார், ஓட்டினார், ஒரு கையை விட்டுத் திரும்பினார். அழகாகவே ஓட்டினார். கடைசியில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இறங்கியதை அதிகாரி பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். எனக்கு உயிர் வந்தது.

"ஒரே ஒரு கேள்விம்மா. குழந்தை ஒண்ணு திடீர்னு குறுக்க ஓடி வருது. என்ன பண்ணுவீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த பதில்.

"விழுந்துடுவேன் சார்" என்றார் அண்ணி.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இல்லம்மா, பிரேக் பிடிச்சு நிறுத்துவேன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"பிடிச்சாலும் விழுந்துடுவேன் சார். எந்தப் பக்கம்னுதான் சொல்ல முடியாது."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

அதன் பிறகு அண்ணி நடந்தே போனார். தூக்கத்தில் பாதியை அந்த நடை தின்றுவிட்டது. நானோ தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். எங்க அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க, கைக்கு வந்த லைசென்ஸை உண்மைக்காக விட்டுட்டு வந்த மனுஷி என்று வேனில் எல்லோரிடமும் சொன்னேன். எந்தக் குழந்தையோ பிழைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரி கண் கலங்கினாள்.

நல்ல மழை பெய்த ஒரு நாள் அண்ணி தாமதமாகப் போனார். மேற்பார்வையாளர் சொன்னபடியே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். நனைந்த சேலையோடு திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் என் பெருமையெல்லாம் ஆத்திரமாகிவிட்டது.

"ஒரே ஒரு பொய் அண்ணி! பிரேக் பிடிப்பேன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? உண்மை உண்மைன்னு என்னத்தக் கண்டீங்க?"

அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"உண்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னா அவர் அடுத்து எதையாவது கேப்பார். அதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லணும். ஷிஃப்ட் முடிச்சு நேரா அங்க வந்து நின்னேன். யோசிக்கத் தெம்பு இல்லடி."